குத்தகை நிலத்தில் தென்னை வைப்பவர்கள்
வளைகுடாவில் விடுதித் தொழில் நடத்தும் தமிழ்ப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்



துபாயிலும் ஷார்ஜாவிலும் மஸ்கட்டிலும் தோஹாவிலும் நாலு மேசை போட்ட சிற்றுண்டிச் சாலையில் தொடங்கி, அதை இரண்டாக்கி நாலாக்கி, நாளடைவில் தங்கும் விடுதிகளுக்கும் கை நீட்டி, இன்று பல நூறு பேருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்திருக்கிற உங்களுக்குத் தொழில் நடத்தும் முறையைச் சொல்லிக் கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை. நான் அத்தொழிலின் கணக்குகளைத் தணிக்கை செய்து ஜீவனம் நடத்தியவன், அவ்வளவே. ஆயினும் முதலாளி கடைசிப் பக்கத்து லாபத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடும் புத்தகத்தை, முதற் பக்கத்திலிருந்து வரி வரியாகப் பார்க்க வேண்டியவன் கணக்கன். அந்த நடுப் பக்கங்களில் நான் கண்டவற்றுள் சிலவற்றை உங்களிடம் நேராகவே சொல்லிவிட வேண்டிய சந்தர்ப்பம் இப்போது வந்திருப்பதாகக் கருதுகிறேன்.

சந்தர்ப்பம் இதுதான். இத்தனை காலமும் கடற்கரையையே சுற்றிக்கொண்டிருந்த வளைகுடாவின் சுற்றுலாத் தொழில், சில ஆண்டுகளாக மலையேறத் தொடங்கியிருக்கிறது. ஹத்தாவுக்கென்று 2016-இல் ஒரு பெருந்திட்டமும், 2021-இல் அதனினும் விரிந்த மற்றொரு திட்டமும் துபாய் அரசால் அறிவிக்கப்பட்டன. ஓமானில் ஜெபல் அக்தரின் சாய்க் பீடபூமியில் உயர்தர விடுதிகள் எழுந்துவிட்டன. சவூதி அரேபியாவில் சுமார் மூவாயிரம் மீட்டர் உயர்ந்து நிற்கும் சௌதா சிகரத்தைச் சுற்றி 2023-இல் ஒரு மாபெரும் உல்லாசத் திட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, உங்களிற் சிலர், திருமண வரவேற்புகளிலும் பொங்கல் விழாக்களிலும் என்னைத் தனியே அழைத்து, “மலைப்பக்கம் ஏதாவது பழைய ஹோட்டல் ஆபரேட்டர் மாறுகிறதா? நமக்கு ஒன்று தட்டுமா?” என்று கேட்கிறீர்கள். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ ஒரு பழைய பங்களா குத்தகைக்கு வந்தாலும் அதே கேள்வி எழுகிறது. ஆசை நியாயமானது. ஆனால் கேள்வியை நீங்கள் கேட்கும் தொனி, நகரத்து நடுத்தெருவில் காலியான ஒரு கடையைப் பற்றிக் கேட்கும் தொனியாக இருப்பதனாலேயே இம்மடலை எழுத நேர்ந்தது.

ஹத்தாவையே எடுத்துக்கொள்வோம், உங்களுக்கு எல்லாருக்கும் தெரிந்த இடம். துபாய் நகரத்தினின்று நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஓமானும் பிற அமீரகங்களும் சூழ்ந்த ஒரு தனித்துண்டாக ஹஜர் மலைகளுக்கு நடுவே கிடக்கும் அவ்வூரில், 1896-இல் கட்டிய கோட்டையும், 1880-களின் இரண்டு காவற்கோபுரங்களும், அவற்றினும் நூறாண்டு பழமை வாய்ந்த பள்ளிவாசலும் உள்ளன. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, மலையடிவாரத்துத் தோட்டத்துக்குள் 1981-இல் திறக்கப்பட்ட ஹத்தா ஃபோர்ட் ஹோட்டலை உங்களுள் பழையவர்கள் அறிவார்கள். அரசாங்க அலுவலகங்களுக்கு வியாழனும் வெள்ளியும் விடுமுறையாக இருந்த அந்நாட்களில், ஓமான் மண்ணுக்குள் சிறிது தூரம் புகுந்து வெளியேறும் பழைய சாலை வழியே அங்கே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதே பலருக்கு வாராந்தரப் பிரயாணமாக இருந்தது. பின்னர் விடுமுறை 2006-இல் வெள்ளி சனியாயிற்று, 2022-இல் சனி ஞாயிறாயிற்று. பழைய சாலையும் வெளிநாட்டவருக்கு அடைபட்டு, நாம் மலீஹா வழியே சுற்றிப் போகும்படி ஆயிற்று. விடுதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாற்பத்துச் சொச்சம் ஆண்டு என்பது நம் ஊர்க் கோபுரங்களுக்கு ஒரு வயதே அல்லவென்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் 1971-இல் பிறந்த ஒரு நாட்டில், அது பிறந்து பத்தாண்டுக்குள் எழுந்த கட்டடம் முதியோர் வரிசையில் வைத்து எண்ணத்தக்கதன்றோ?

அவ்விடுதி கைமாறப் போகிறதென்று நான் சொல்ல வரவில்லை. அதை நடத்துவோரிடம் எனக்கு ஒரு குறையும் கிடையாது. மலையும் மரமும் சூழ்ந்த, பல தலைமுறையினரின் ஞாபகத்தில் பதிந்துவிட்ட இத்தகைய ஒரு விடுதி எங்கேனும் புதிய ஆபரேட்டரைத் தேடும் நாளில், தேடி வருபவர் யாராக இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. அந்நாள் ஒவ்வொரு விடுதிக்கும் வந்தே தீரும். ஏனெனில் நிர்வாக ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு, மலைக்கு இல்லை.

நீங்கள் அறிந்த கணக்கையே ஒருமுறை நினைவூட்டுகிறேன். கட்டடம் ஒருவருடையது, நடத்துவது மற்றொருவர் என்னும் ஏற்பாட்டில், ஆபரேட்டருக்கு மொத்த வருவாயில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று அடிப்படைக் கட்டணமாகப் போகும். நடைமுறைச் செலவு கழித்து நிற்கும் லாபத்தில் ஒரு பங்கு ஊக்கக் கட்டணமாகப் போகும். கட்டில், மெத்தை, நாற்காலி, குளிர்சாதனம் ஆகியவற்றைப் புதுப்பிப்பதற்கென்று நூற்றுக்கு நான்கு என்ற அளவில் ஒரு நிதி ஒதுக்கி வைப்பது வழக்கம். எழுதி வைத்த காகிதத்தில் இவ்வேற்பாடு குற்றமற்றது. ஆனால் ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் என்ன நிகழ்கிறது என்பதைப் பேரேடு காட்டும். வருவாய் குறையவில்லை, அறைகள் நிரம்பியே இருக்கின்றன. ‘பராமரிப்பு’ என்னும் தலைப்பின் கீழுள்ள தொகை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே வருகிறது. ஓனர், வரப்போகும் ஆபரேட்டர் பார்த்துக்கொள்வார் என்று பணம் இறக்க மறுக்கிறார். ஆபரேட்டர், போகப்போகிற நமக்கு எதற்கு என்று கேட்காமலே இருந்துவிடுகிறார்.

பெயர் சொல்லாமல் ஒரு காட்சியை மட்டும் சொல்லுகிறேன். மலைப்பக்கத்து விடுதியொன்றில் ஒரு ஜனவரி மாதம் ஆண்டுக் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். முந்தைய இரவு, இந்நாட்டில் அபூர்வமாகப் பெய்யும் பெருமழை பெய்திருந்தது. முதல் மாடி நடைவழியில் பெயிண்ட் வாளிகள் மூன்றை வரிசையாக வைத்து, ஒழுகும் நீரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாளிக்குள்ளும் அடியில், சொட்டும் சத்தம் விருந்தினருக்குக் கேட்காமல் இருப்பதற்காக, ஒரு பழைய குளியல் துண்டை மடித்துப் போட்டிருந்தார்கள். மேற்கூரைக்கு நீர்க்காப்புப் பூசுவதற்கான மதிப்பீடு மூன்று ஆண்டுகளாகக் கோப்பிலேயே கிடந்தது. நிர்வாகியிடம் கேட்டபோது, “அடுத்து வருபவர்கள் எப்படியும் இடித்துக் கட்டத்தான் போகிறார்கள், சார்” என்றார். அவர் கெட்டவர் அல்லர். வாளிக்குள் துண்டு போடச் சொன்னவரும் அவரே. ஒப்பந்தம் அவரை எவ்வளவு தூரம் சிரத்தை கொள்ள அனுமதித்ததோ, அவ்வளவு தூரம் சிரத்தையோடு இருந்தார்.

குத்தகை நிலத்தில் தென்னை வைப்பவன் உண்டா? நெல் விதைப்பான், உளுந்து தெளிப்பான், போகம் கண்டு கையில் எடுத்துக்கொள்ளக் கூடியது எதுவோ அதைச் செய்வான். ஐந்தாறு ஆண்டு நீர் வார்த்த பின்னர் காய்த்து, அறுபது ஆண்டுக்குப் பலன் தரும் மரத்தை, எந்த வருஷம் வரப்பை விட்டு இறங்கச் சொல்வார்களோ என்று அஞ்சுகிறவன் நட மாட்டான். இதில் குத்தகைதாரனின் குணத்தைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. குத்தகையின் விதியே அவனை அப்படி ஆக்குகிறது. இவ்விதியை மாற்றிப் பார்த்த இடமும் உண்டு. வெள்ளையர் ஆட்சியில் மலபார் சென்னை ராஜதானியின் ஒரு ஜில்லாவாக இருந்தது. அங்கே குடியானவர் வைத்த மரங்களுக்கும் செய்த மேம்பாடுகளுக்கும் ஈடு கொடுக்காமல் அவரை வெளியேற்றக் கூடாது என்று 1887-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது போதாதென்று கண்டு 1900-இல் வேறொன்று செய்தார்கள். தென்னை வைத்தவன் வெளியேறும்போது தென்னையின் விலையை வாங்கிக்கொண்டு வெளியேறலாம் என்றால், அவன் தைரியமாகத் தென்னை வைப்பான் என்பதே அச்சட்டங்களின் சாரம்.

இந்த நியாயத்தையே அமெரிக்கர்கள் தங்கள் தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் விடுதிகளுக்கு வேறொரு பெயரில் செய்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூங்காவுக்குள் விடுதி நடத்தும் உரிமை சாதாரணமாகப் பத்தாண்டுக்கும், அவசியமானால் அதிகபட்சம் இருபதாண்டுக்கும் வழங்கப்படும், கட்டடம் அரசினுடையதே, ஆனால் ஆபரேட்டர் அனுமதி பெற்றுக் கட்டடத்தில் போட்ட மூலதனத்துக்கு ஒரு மதிப்பு கணக்கிட்டு, அவர் விலகும்போது அத்தொகையை அவருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். ஏலத்தில் யார் அதிகம் கொடுக்கிறார் என்பதை மட்டும் பார்க்காமல், அவ்விடத்தைக் காப்பாற்ற யார் என்ன செய்வதாகச் சொல்கிறார் என்பதையும் மதிப்பிட்டே உரிமை வழங்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. இவ்வளவு செய்தும் அங்கே எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆரெகன் மாகாணத்தில், ஒரு மலைப் பள்ளத்தாக்கின் குறுக்கே 1934-இல் எழுப்பிய ஆறு மாடி மரவிடுதி ஒன்று உண்டு. சுவர்களுக்கு மரப்பட்டை போர்த்தி, மலையோடை ஒன்றை உணவறையின் நடுவிலேயே ஓடவிட்டுக் கட்டியிருக்கும் அற்புதம் அது. 2018-இல் பழுது பார்ப்பதற்கென்று மூடிய அதன் கதவு, பழுதின் அளவு எண்ணியதைவிடப் பெருகிப்போகவே, ஆண்டுக்கணக்கில் மூடியே கிடந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பஃபலோ மலைமேல் தேசியப் பூங்காவுக்குள் 1910-இல் அரசாங்கம் கட்டிய பெரிய மரவிடுதி, 2007-இல் விருந்தினரை ஏற்பதை நிறுத்தியது. அதை எடுத்து நடத்த யாரேனும் வருவார்களா என்று அதன் பின் பலகாலம் தேடினார்கள். பத்து ஆண்டு பராமரிப்பைத் தள்ளிப்போட்டால், பதினோராம் ஆண்டில் எந்த ஆபரேட்டராலும் சுமக்க முடியாத பாரமாக அது நிற்கும் என்பதற்கு இவ்விரண்டைத் தவிர வேறு சான்று வேண்டியதில்லை.

பெயர் விஷயத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் 1927-இல் திறந்த அஹ்வாணி விடுதியை நெடுங்காலம் நடத்திவந்த ஸ்தாபனம், உரிமை வேறொருவருக்குப் போனபோது, விடுதியின் பெயர் தன் வியாபாரச் சின்னமாகப் பதிவாகியிருப்பதாகச் சொல்லி அதற்கு விலை கேட்டது. வழக்கு எழுந்தது. 2016-இல் அந்தப் பழைய பெயரை அழித்துவிட்டு, யாருக்கும் ஒட்டாத ஒரு புதுப் பெயரை வாயிலில் மாட்டினார்கள். கடைசியில் 2019-இல், அரசும் புதிய ஆபரேட்டருமாகச் சேர்ந்து ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் கொடுத்துத் தங்கள் சொந்த விடுதியின் பெயரை மீட்டுக்கொண்டார்கள். மூன்று தலைமுறை மக்கள் தங்கள் வாயால் சொல்லிச் சொல்லி வளர்த்த பெயரை, நடத்த வந்தவர் மூட்டை கட்டிக்கொண்டு போகலாமா? நம்மவர்களும் கடையை எடுத்தவுடன் பெயர்ப்பலகையை மாற்றுவதையே முதல் வேலையாகக் கொள்கிறோம். நகரத்துக் கடைக்கு அது சரி. மலையில் நூறு மைல் சுற்றளவுக்கு வழி சொல்வதற்குப் பயன்படும் பெயரின் மேல் உங்கள் பெயரை எழுதும் உரிமை எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் உங்களுக்குக் கிடையாது.

இது அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். சிம்லாவுக்கு அருகே, தேவதாரு வனத்தின் நடுவே கிச்சனர் பிரபு வசித்த இடத்தில் நின்ற வைல்ட்ஃபிளவர் ஹால், 1993-இல் தீக்கிரையானபோது, ஹிமாசலப் பிரதேச அரசு 1995-இல் ஒரு பெரிய விடுதி நிறுவனத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்து அதை மீண்டும் கட்டுவித்தது. 2002-இல் ஒப்பந்தத்தை அரசு ரத்து செய்தது. வழக்கு மத்தியஸ்தத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் ஏறி இறங்கி, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 31-க்குள் சொத்தை அரசிடம் ஒப்படைக்குமாறு கூறிய பிறகே ஒரு முடிவுக்கு வந்தது. நியாயம் யார் பக்கம் என்பதை நீதிமன்றம் சொல்லிவிட்டது; நான் அதில் புகவில்லை. ஆனால் எப்படி உள்ளே வருவது என்பதை விளக்கமாக எழுதிக்கொண்டவர்கள், எப்படி வெளியே போவது என்பதில் இருபது ஆண்டுக்கு மேல் சண்டையிட்டுக்கொண்டார்கள் என்பது மட்டும் விடுதி நடத்தும் ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம்.

நிற்க. இதுவரை கட்டடத்தைப் பற்றியே பேசினேன். அதற்குள் இருக்கும் மனிதர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இம்மடலை எழுதியதே வீண். மலை விடுதியொன்றின் சமையலறைக்கோ துணி வெளுக்கும் பகுதிக்கோ போய்ப் பாருங்கள். மன்னார்குடியும் கடையநல்லூரும் ஹட்டனும் பதுளையும் அங்கே நிற்கும். ஊழியர்கள் ஓனரின் லைசென்ஸில் இருந்தால் ஆபரேட்டர் மாறினாலும் அவர்களுக்குப் பெரிய பாதகமில்லை. ஆபரேட்டரின் லைசென்ஸில் இருந்தால், அவர் விலகும் அன்றே விசா ரத்து, கணக்குத் தீர்வு, புதியவர் எடுத்தால் புது விசா, புது ஒப்பந்தம், புதிதாக ஒன்றிலிருந்து எண்ணப்படும் சேவைக் காலம். அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாக உண்டு. ஒரே அடுப்பின் முன்னால் தொடர்ந்து பத்தாண்டு நின்ற ஒருவருக்கு 255 நாள் சம்பளம் சேரும். அதே அடுப்பு, அதே பத்தாண்டு. ஐந்தாம் ஆண்டு முடிவில் மேலே பெயர்ப்பலகை மட்டும் மாறிக் கணக்கு முறிந்துவிட்டால், அவருக்குக் கிடைப்பது 210 நாள். நாற்பத்தைந்து நாள் சம்பளம், அவர் ஒரு பிழையும் செய்யாமலே, யாரும் சட்டத்தை மீறாமலே, போயிற்று. உங்கள் பார்வைக்கு இது அற்பத் தொகை. ஊரில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அத்தொகையைக் கணக்கில் வைத்திருந்தவரிடம் போய் அற்பம் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

மேலும், தோட்டத்தில் எந்தக் குழாய் எந்த மரத்துக்குப் போகிறது, வாதி எனப்படும் வறண்ட ஓடையில் மழைநீர் எந்தப் பக்கம் பெருகி வரும், கோடையில் எந்த அறையின் குளிர்சாதனம் முதலில் நிற்கும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் எழுதப்படவில்லை. அவர்கள் தலைக்குள் இருக்கிறது. அவர்களை அனுப்பிவிட்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த புது நிர்வாகம், அதே அறிவை ஆலோசகர்களிடம் அதிக விலைக்கு வாங்குவதைக் கணக்குகளில் கண்டிருக்கிறேன்.

இனி மலை. ஹஜர் மலைகளில் வாழும் ஒரு காட்டாடு உண்டு. அமீரகத்திலும் ஓமானிலும் உள்ள இம்மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது, அழியும் நிலையில் உள்ளதென்று அறிவிக்கப்பட்டது. நம் நீலகிரி வரையாட்டையும் இதையும் விலங்கியலார் முன்பெல்லாம் ஒரே பேரினத்தில் வைத்து எண்ணினார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்குக்கு அரபு மண்ணில் இப்படி ஓர் உறவு இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? விடுதியின் எச்சில் இலைத் தொட்டியும், இரவெல்லாம் எரியும் வெள்ளை விளக்கும், குடியரங்கின் பாட்டுச் சத்தமும் எட்டும் தூரத்தில் அவ்வாடு நடமாடாது. மலைக்கு வருபவர் தொகைக்கு ஓர் அளவு உண்டு என்பதை நம் ஊரிலேயே நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாயிற்று. நாற்பது அறை உள்ள விடுதியை எடுத்தவுடன் அதை நூற்றிருபது ஆக்குவது எப்படி என்று யோசிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்ட புத்தி. மலையில் தண்ணீர் எத்தனை அறைக்கு இருக்கிறதோ அத்தனை அறைதான் விடுதி.

உங்கள் மறுமொழி எனக்குக் கேட்கிறது. “நாங்கள் தர்ம கைங்கரியம் செய்ய வரவில்லை, வட்டிக்கு வாங்கிய பணம். வளைகுடா மலையில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் கூட்டம். மிச்ச மாதங்களில் காலி அறைக்குக் குளிர்சாதனம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதில் மரத்தையும் ஆட்டையும் சமையற்காரர் பணிக்கொடையையும் எங்கள் தலையில் கட்டினால் எப்படித் தாங்கும்?” என்கிறீர்கள். நியாயமான கேள்வியே. அரைவருஷ வருமானத்தில் முழுவருஷம் வாழ வேண்டிய தொழில் என்பதனால்தான் குறுகிய குத்தகை உங்களை நாசம் செய்யும் என்கிறேன். ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குள் ஐந்து குளிர்காலங்களே உண்டு; முதற் குளிர்காலம் உங்களை ஊரார் அறிந்துகொள்வதற்குள் போய்விடும்; கடைசிக் குளிர்காலம் யார் அடுத்து வருவார் என்ற வதந்தியில் கரைந்துவிடும்; நடுவிலுள்ள மூன்றில் போட்ட முதலை எடுத்தாக வேண்டுமென்றால், கூரையைக் கவனிக்காமலும் ஆட்களைக் குறைத்தும் வாடகையை ஏற்றியும்தான் எடுக்க முடியும். ஆகவே மலையைப் பாழாக்குவதும் உங்கள் முதலைப் பாழாக்குவதும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு ஷரத்துகள். ஏலத்தில் அதிகத் தொகை எழுதி வென்றுவிட்டு, பிறகு அதைச் சம்பாதிக்க முடியாமல் பாதியில் விட்டுப்போன ஆபரேட்டர்களை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

அப்படியானால் இந்த வேலைக்கே போகவேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை, நீங்கள் போக வேண்டும் என்றே விரும்புகிறேன். ஒரு பெரிய சர்வதேச நாமத்தின் கீழ் இருநூறு விடுதிகளை ஓர் அச்சில் வார்த்து நடத்துகிறவருக்கு, ஹத்தாவும் ஹாங்காங்கும் ஒரே கையேட்டின் இரண்டு பிரதிகள். நீங்களோ, அடுப்படியில் நின்று தொழில் கற்றவர்கள். ஊழியர் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு வேலைக்கு எடுப்பவர்கள். விருந்தாளி சாப்பிட்டாரா என்று முதலாளியே மேசைக்கு வந்து விசாரிக்கும் பழக்கத்தை இன்னும் விடாதவர்கள். ஒரு பழைய மலை விடுதிக்கு வேண்டிய சுபாவம் அதுவே. பணத்தைப் பொறுத்தவரை, உங்களுள் ஒருவரால் ஆகாதது நால்வர் சேர்ந்தால் ஆகும்.

ஆகையால் என் விண்ணப்பத்தை வெளிப்படையாகவே வைக்கிறேன். பழைய மலை விடுதியொன்று, அமீரகத்திலோ ஓமானிலோ சவூதியிலோ நம் நீலகிரியிலோ, புதிய ஆபரேட்டரைத் தேடுகிறது என்று அறிவிப்பு வருமானால், வாடகைத் தொகையை எழுதுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றை நீங்களே எழுதி ஓனரின் முன்னால் வையுங்கள். முதலாவது, பத்தாண்டுக்குக் குறைந்த உரிமையை ஏற்காதீர்கள். கூரைக்கும் குழாய்க்கும் நீங்கள் இறக்கும் மூலதனத்துக்கு, விலகும் நாளில் சுயேச்சையான மதிப்பீட்டாளர் கண்ட விலை உங்களுக்குச் சேர வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது, பராமரிப்பு நிதி, ஓனரும் ஆபரேட்டரும் இருவரும் கையெழுத்திட்டாலன்றி எடுக்க முடியாத தனிக் கணக்கில், கடைசி ஆண்டின் கடைசி மாதம் வரை குறையாமல் கட்டப்பட வேண்டும். அவ்வாண்டுச் செலவை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும். மூன்றாவது, விடுதியின் பெயர் இடத்துக்கே உரியது என்று பத்திரத்தில் எழுதி, நீங்கள் அதை எங்கும் பதிவு செய்வதில்லை என்று வாக்குக் கொடுங்கள். நான்காவது, இருக்கும் ஊழியர் அனைவரையும், அவர்களுடைய பழைய சேவைக் காலத்தை முறிக்காமல் ஏற்பதாகவும், அதனால் கூடும் பணிக்கொடைப் பாரத்தை ஓனரும் நீங்களும் இன்ன விகிதத்தில் பகிர்ந்துகொள்வதாகவும் எழுதுங்கள். ஐந்தாவது, அறைகளின் எண்ணிக்கையைத் தண்ணீரையும் கழிவையும் கணக்கிட்டு முன்கூட்டியே வரையறுத்து, அதற்கு மேல் கட்டுவதில்லை என்று உங்களை நீங்களே கட்டிப்போட்டுக்கொள்ளுங்கள். இவற்றோடு, எப்போது, யார் சொன்னால், எத்தனை மாத அவகாசத்தில் வெளியேறுவது என்பதையும், உள்ளே வரும் நாளிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் கேட்டால் ஓனர் வேறொருவரைப் பார்த்துக்கொள்வார் என்று அஞ்சுகிறீர்கள். சிலர் அப்படித்தான் செய்வார்கள். அவர்களிடம் தப்பினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் ஆபரேட்டர் பாதியில் விட்டுப் போனபின் பூட்டிய கட்டடத்துக்குக் காவலாள் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த அனுபவம் உள்ள ஓனர், இந்த ஷரத்துகளைக் கண்டால் முகம் மலர்வார். நல்ல குத்தகையைக் கேட்டு வாங்குவதற்கு, கேட்கும் ஒருவர் முதலில் வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் உங்கள் போட்டியாளரே உங்களைக் கீழறுத்துவிடுவார். ஆகவே அடுத்த ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே, துபாயில் ஒரு மாலை, உங்களுள் பத்துப் பேரேனும் ஒன்றுகூடி, இவ்வைந்துக்குக் குறைந்து எவரும் மலை விடுதியை எடுப்பதில்லை என்று பேசி முடிவு செய்யுங்கள். கணக்குப் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால், கூலி வாங்காமல் நான் வருகிறேன். ஷரத்துகளில் குறை இருந்தால் திருத்துங்கள், கூட்டுங்கள், ஒன்றிரண்டைக் கழித்தாலும் கழியுங்கள். ஆனால் எதையும் கேட்காமலே தொகையை மட்டும் எழுதி உறையை ஒட்டும் வழக்கத்தை உங்கள் தலைமுறையோடு நிறுத்துங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் கணக்குகளை நெடுநாள் பார்த்தவன்,
துபாய்